சிறு டிராக்டரின் ஓசையும் அதன் பொருளும்

ஓசையைப் பாகுபடுத்திப் பொருள் காண்பது தமிழ் இலக்கணத்தார்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் உரியியலில் இசையைக் குறிக்கும் சொற்களை ஒரு கூறாகவும், அரவத்தைக் குறிக்கும் சொற்களை மற்றொரு கூறாகவும் வைத்தார். இயம்பல், சிலைத்தல் போன்றவை முன்னதைச் சேர்ந்தவை. சும்மை, கம்பலை போன்றவை பின்னதைச் சேர்ந்தவை. இரட்டைக்கிளவிக்குக் கிளவியாக்கத்தில் தனியே இடம் தந்தார். கடகட, சலசல, நறநற என்று செவிக்குக் கேட்டதைக் கேட்டவாறே சொல்ல நம் மொழியில் நூற்றுக்கணக்கான சொற்கள் இருக்கின்றன. இவ்வளவு செல்வத்தை வைத்துக்கொண்டு, தோட்டத்துப் பட்டறையில் போய் நின்றதும், "வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது" என்ற ஒரே தொடரோடு நாம் வாய் மூடிக்கொள்கிறோம். பட்டறைக்காரர் எந்தப் பக்கத்திலிருந்து கழற்றத் தொடங்குவார்?

டிராக்டரைப் பற்றித் தமிழாசிரியன் ஏன் எழுத வேண்டும் என்று அன்பர்கள் வினவலாம். காரணம் எளியது. இயந்திரத்தோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "சார், இதில் என்ன போட்டிருக்கிறான் பாருங்கள்" என்று ஓட்டுநர் வரும் இடம் தோட்டத்துப் பள்ளிதான். அங்ஙனம் வந்தவர்களுக்குப் படித்துச் சொன்னவற்றையும், பட்டறை வாசலில் நின்று கேட்டறிந்தவற்றையும் ஈண்டு தொகுத்துரைக்கிறேன்.

நெகிரி செம்பிலானில் லிங்கி, ரந்தாவ், பகாவ், தம்பின் வட்டாரங்களில் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலங்களில் பெரும்பகுதி இன்று செம்பனைக் காடாகிவிட்டது. நிரைகளுக்கு இடையே பெரிய டிராக்டர் புக இடம் போதாது. ஆகவே 25 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள சிறு டிராக்டர்கள் பயன்படுகின்றன. முன்புறத்தில் இரண்டு இரும்புக் கைகளும் ஒரு வாளியும் பொருத்தினால் அதுவே லோடர். உரம் அள்ளுதல், ஆலையிலிருந்து வரும் வெறுங்குலைகளை மரத்தடியில் இடுதல், பாதைக்குச் செம்மண் கொட்டுதல் ஆகியவற்றை அது செய்யும். குலை வெட்டும் நாளில் டிராக்டர் நின்றுவிட்டால் வரும் இழப்பு சிறிதன்று. வெட்டிய குலை அடிபட்ட நொடியிலிருந்து பழத்திலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பமிலத்தைப் பெருக்கத் தொடங்கும். எனவேதான் குலைகளை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்க்க முயல்கின்றனர். டிராக்டர் படுத்தால் குலை கெடும். எடைக்குக் கூலி வாங்குபவருக்கு அன்றைய வருமானமும் கெடும்.

ஓசையை ஆராயும்பொழுது முதற்கண் கேட்க வேண்டிய வினா, "அது எங்கிருந்து வருகிறது?" என்பதன்று. இரும்புக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் ஓடும். காற்றில் 340 மீட்டரே ஓடும். ஆதலால் பின்பெட்டியில் பிறக்கும் ஓசை சட்டம் வழியே ஓடி, தளர்ந்த ஒரு முன்தகட்டில் வந்து பேசும். செவி இடத்தைப் பற்றிச் சொல்வதை உடனே நம்பலாகாது. முதலில் கேட்க வேண்டியது, "அது எதனோடு மாறுகிறது?" என்பது.

கியரை விலக்கி வண்டியை நிறுத்தி, எஞ்சின் வேகத்தை மட்டும் ஏற்றி இறக்குக. ஓசையும் உடன் ஏறி இறங்கினால், அது எஞ்சினையோ, எஞ்சினோடு எப்பொழுதும் சுழலும் பம்பு, பெல்ட், விசிறி ஆகியவற்றையோ சேர்ந்தது. வண்டி நகரும்பொழுது மட்டும் கேட்டு, உருளும் வேகத்தைப் பின்பற்றினால் அது சக்கரம், அச்சு, பின்பெட்டி ஆகியவற்றின் பக்கம். லோடரின் நெம்புகோலைத் தொட்டவுடன் தோன்றினால் ஹைட்ராலிக். கிளட்ச் மிதியை அழுத்தும்போது தோன்றினால் கிளட்சை விடுவிக்கும் பெயரிங். அழுத்தும்போது மறைந்து, விட்டால் மீண்டும் வந்தால் கியர்ப்பெட்டியின் நுழைவாய்ப் பெயரிங். இந்தச் சோதனைகளுக்கு ஐந்து நிமிடம் போதும்; ஒரு திருகும் கழற்ற வேண்டியதில்லை. ஆயினும் இதைச் செய்யாமல் நேரே பெட்டியைப் பிரிப்பவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி, ஹைட்ராலிக் பகுதியைச் சற்று விரித்துக் காண்போம். லோடர் உள்ள சிறு டிராக்டரில் மிகுதியாகக் குழப்பம் தருவது இதுவே.

பம்பு என்பது பெரும்பாலும் ஒன்றோடொன்று பல் கோத்த இரண்டு பற்சக்கரங்கள்தாம். அவை சுழன்று ஒரு பக்கம் எண்ணெயை உறிஞ்சி, மறுபக்கம் அழுத்தித் தள்ளும். காரின் டயரில் ஏறத்தாழ 2 பார் அழுத்தம் இருக்கிறது. லோடரின் குழாயில் 150 முதல் 200 பார் வரை இருக்கும். தள்ளும் பக்கத்தில் இவ்வளவு வலிமை இருந்தாலும், உறிஞ்சும் பக்கம் மிக மென்மையானது. இளநீர்க் குழலை நடுவில் மடக்கிவிட்டு உறிஞ்சிப் பாருங்கள்; குழல் ஒட்டிக்கொள்ளும், கன்னம் குழியும், வருவது சிறிதே. வடிகட்டி அடைத்துக்கொண்ட பம்பின் நிலையும் அதுவே. எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாமல் காற்று கரைந்திருக்கிறது. சாதாரண அழுத்தத்தில் அதன் அளவு எண்ணெயின் பருமனில் நூற்றுக்கு 9 பங்கு வரை இருக்கலாம். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் அந்தக் காற்றும் எண்ணெயின் ஆவியும் குமிழ்களாக வெளிப்படும். குமிழ்கள் தள்ளும் பக்கத்துக்குச் சென்றதும் பேரழுத்தத்தில் நசுங்கி வெடிக்கும். அவ்வெடிப்பு நுண்ணிய உளி போல் உலோகத்தைக் கொத்தும்.

இந்நிகழ்ச்சியை முதலில் கண்டு திகைத்தவர்கள் கப்பல் கட்டுநர்கள். 1890களில் பிரித்தானியரின் விரைவுப் படகுகளில் சுழல்விசிறியை எவ்வளவு வேகமாகச் சுழற்றினும் கப்பல் அதற்கேற்ப விரையவில்லை. நீரில் குமிழ்கள் பிறந்து விசிறி பிடிப்பை இழந்தது. குமிழ் நசுங்கும்போது எழும் அழுத்தத்தை ராலே பிரபு 1917இல் கணித்துக் காட்டினார். அதே நிகழ்ச்சிதான் நம் தோட்டத்து டிராக்டரின் பம்பினுள் நடக்கிறது. ஓட்டுநர் அதை "ஊளையிடுகிறது" என்பார். மிகப் பொருத்தமான சொல். உயர்ந்த சுருதியில், இடைவிடாத, ஒரே நிலையான ஊளை; முற்றினால் தகர டப்பாவில் பரலைக் கொட்டிக் குலுக்கியது போன்ற ஓசையும் சேரும்.

குளிர் நாட்டில் எழுதப்பட்ட கையேடுகள், அதிகாலையில் எண்ணெய் தடித்திருப்பதால் பம்பு சிறிது ஊளையிடும், சூடேறினால் அடங்கும் என்று கூறும். பிரட்டுக்களத்தில் விடியற்காலையில்கூட 22, 23 பாகை வெப்பம் உள்ள நம் நாட்டுக்கு அந்தச் சமாதானம் அவ்வளவாகப் பொருந்தாது. இங்கே காலையில் பம்பு ஊளையிட்டால், வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது பொருந்தாத தடித்த எண்ணெயை யாரோ ஊற்றியிருக்கிறார்கள் என்றே ஐயுறுதல் வேண்டும். பல சிறு டிராக்டர்களில் பின்பெட்டியின் எண்ணெயே ஹைட்ராலிக் எண்ணெயும் ஆகும் என்பதை மறக்கலாகாது. பற்களிலிருந்து தேய்ந்த இரும்புத்தூளும் அதே வடிகட்டிக்குத்தான் வந்து சேர்கிறது.

இதற்கு உடன்பிறந்தது போன்ற வேறொரு நோய் உண்டு. உறிஞ்சும் குழாயின் மூட்டில் சிறு விரிசல் ஏற்பட்டால் வெளிக்காற்று உள்ளே நுழையும். அப்பொழுது ஓசை நிலையாக இராது. உறுமும், இடையில் தணியும், மீண்டும் உறுமும். வாளி நடுங்கி நடுங்கி உயரும். எண்ணெய்க் கோலை எடுத்துப் பார்த்தால் நுரை தெரியும். இங்கே ஒரு புதிர் இருக்கிறது: விரிசல் இருந்தும் தரையில் எண்ணெய் சொட்டாது. அந்த இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாதலால், எண்ணெய் வெளியேறுவதற்கு மாறாகக் காற்று உள்ளேறுகிறது. "ஒழுகவே இல்லையே, குழாயில் என்ன கோளாறு இருக்க முடியும்?" என்று வாதிடுவோர்க்கு இதுவே விடை. ஐயத்திற்குரிய மூட்டின்மேல் கெட்டியான கிரீஸை அப்பிப் பார்க்கலாம். உறுமல் உடனே மாறினால் திருடன் அகப்பட்டான்.

நுரையால் வெளுத்த எண்ணெயையும் நீர் கலந்து வெளுத்த எண்ணெயையும் பிரித்தறிதல் வேண்டும். மழை மிகுந்த நம் வட்டாரத்தில் இது அடிக்கடி தேவைப்படும். ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது எண்ணெயை எடுத்து இரவு முழுவதும் வைத்துவிடுக. நுரையாயின் காலையில் தெளிந்திருக்கும். தெளியாமல் பால்போல் நின்றாலும், அடியில் நீர் தேங்கினாலும், மழைநீர் எங்கோ புகுந்துள்ளது. நான்காம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய சோதனை இது. அறிவியல் பாடத்துக்கு இதைவிட மலிவான கருவி கிடைக்காது.

மூன்றாவதாக, வாளியை முழுதும் மடக்கிய பின்னும் நெம்புகோலை இழுத்துப் பிடித்தால் "கீ..." என்று ஒரு கத்தல் எழும். போக வழியில்லாத எண்ணெய் அழுத்தக்காப்பு வால்வைத் திறந்துகொண்டு திரும்பி ஓடும் ஓசை அது. நெம்புகோலை விட்டவுடன் நின்றால் நோயன்று. ஆனால் எண்ணெயைச் சூடேற்றும் கெட்ட பழக்கம். நெம்புகோலைத் தொடாத நிலையிலும் அக்கத்தல் தொடர்ந்தால் எண்ணெயின் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. லோடரைக் கழற்றி மீண்டும் பூட்டிய மறுநாள் இப்படி நேர்ந்தால், பம்பைக் குறை கூறுமுன் குழாய் இணைப்பிகளைப் பார்க்க வேண்டும். அவை முழுதும் உட்கார்ந்து "கிளிக்" என்று சொல்லாமல் அரைகுறையாக நின்றால், எண்ணெய் ஒரு பக்கம் போகும், மறுபக்கம் திரும்பாது. எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இவ்வாறு கத்திய ஒரு டிராக்டருக்குப் புதுப் பம்பு வாங்க விலை கேட்டுவிட்டார்கள். பணி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் வந்து, எஞ்சினை நிறுத்தி, வாளியைத் தரையில் வைத்து, நெம்புகோலை இரண்டு முறை ஆட்டி அழுத்தத்தைத் தணித்து, இணைப்பியை அழுத்திப் பூட்டினார். அவ்வளவுதான்.

கியருக்குப் பதிலாக எண்ணெயாலேயே சக்கரத்தை ஓட்டும் முறையும் இன்றைய சிறு டிராக்டர்களில் பரவலாக உள்ளது. ஹைட்ரோஸ்டாட்டிக் என்று அதனைச் சொல்வர். மிதியை அழுத்தினால் முன்னே, பின்பக்கம் அழுத்தினால் பின்னே. மேட்டில் ஏறும்போது "ஙொய்" என்ற இரைச்சல் இதற்கு இயல்பு. ஜெலெபு, கோலாப்பிலா பக்கத்து மலைச்சரிவுகளில் அதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. தாழ்ந்த வேகநிலைக்கு மாற்றினால் தணியும். அதே சரிவில், அதே சுமையில், சென்ற மாதத்தைவிட இரைச்சல் கூடியிருந்தால் மட்டும் எண்ணெயையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். பழைய டிராக்டரில் பழகிய கையும் காதும் உடையவர்களே இவ்வியல்பான இரைச்சலை நோயென்று எண்ணி மிரளுகிறார்கள் என்பது என் கருத்து.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றைப் பதினாறு முதல் இருபத்திரண்டு மடங்கு வரை சுருக்கி, அச்சூட்டில் எண்ணெயைப் பற்ற வைக்கிறார்கள். ஆதலால் "டொக டொக" என்ற அடி அதற்குப் பிறவிக்குணம். தமிழாசிரியர் இங்கே மாத்திரைக் கணக்கைப் பயன்படுத்தலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றுச் சுற்றினால் நொடிக்கு 15 சுற்று. வால்வுகளை இயக்கும் தண்டு அதற்குப் பாதி வேகத்தில்தான் சுழலும், நொடிக்கு ஏழரை. சுழல்தண்டிலேயே பொருத்திய கப்பியோ உருளையோ தளர்ந்து தட்டினால் ஒரு சுற்றுக்கு ஓர் அடி, குறில் போல. வால்வின் இடைவெளி மிகுந்து தட்டினால் இரண்டு சுற்றுக்கு ஓர் அடி, நெடில் போல. ஓர் உருளையின் இன்ஜெக்டர் மட்டும் கெட்டு அடித்தாலும் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். ஆனால் வால்வின் "டிக் டிக்" மெல்லியது, மேலிருந்து வருவது. இன்ஜெக்டரின் அடி கூர்மையானது, சுமை ஏறினால் வலுப்பது. அடியை எண்ணிச் சொல்ல இயலாவிடினும், எது விரைவு, எது மெதுவு என்பதைச் செவி எளிதில் உணரும். கீழிருந்து, காலடியில் அதிர்வது போல், கனத்த "டொம் டொம்" கேட்டு, எண்ணெய் அழுத்த விளக்கும் எரிந்தால், மேற்கொண்டு ஆராய்ச்சி வேண்டா. உடனே எஞ்சினை நிறுத்துக. பட்டறை வரை ஓட்டிப் போய்விடலாம் என்று எண்ணுவது பல ஆயிரம் ரிங்கிட்டைப் பாதையில் கொட்டுவதாகும்.

பெல்ட்டின் "கிரீச்" எல்லோரும் அறிந்தது. விசிறிக்கு முன்னுள்ள வலையில் லாலாங் புல்லும் செம்பனை நாரும் அடைத்துக்கொண்டால் எஞ்சின் சூடேறி, அடியின் தன்மையே மாறிவிடும், அதையும் பார்த்துக்கொள்க.

லோடரின் "கடக், கடக்" என்ற ஓசை ஹைட்ராலிக்கைச் சேர்ந்ததன்று. கைகளின் மூட்டுகளில் உள்ள ஊசியும் உறையும் தேய்ந்ததையோ, சட்டத்தைப் பிடித்த போல்ட் தளர்ந்ததையோ அது காட்டும். பல கையேடுகள் இம்மூட்டுகளுக்கு 10 மணி நேர வேலைக்கு ஒருமுறை கிரீஸ் இடச் சொல்கின்றன. நடப்பில் அது திங்களுக்கு ஒருமுறையாகிவிடுகிறது. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிறீச்சிடும் மூட்டில் எண்ணெயைத் தெளித்தால் ஓசை அடங்கும். தேய்ந்த உறை தேய்ந்தபடியேதான் இருக்கும். ஓசை நின்றது என்பதால் நோய் நின்றது என்று கொள்ளலாகாது. வெடிப்பு விட்ட ஒட்டிடத்திலும் முதலில் கேட்பது இதே "கடக்" என்ற ஓசைதான். துணியால் மண்ணைத் துடைத்துவிட்டுக் கோடு போன்ற துரு தெரிகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

தார்ச்சாலையில் மட்டும் முன்னச்சு முனகினால், நான்கு சக்கர இழுவை போட்டபடியே ஓடுகிறதா என்று பாருங்கள். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சிறிது விரைவாக உருளுமாறு அமைக்கப்பட்டவை. சேற்றில் அந்த வேறுபாடு வழுக்கித் தீரும். தாரில் தீர வழியின்றிப் பற்களை முறுக்கும். வாளி நிறையச் சுமையும் பின்னே எதிர்ச்சுமை இல்லாமையும் சேர்ந்தால் முன்னச்சின் துன்பம் இரட்டிக்கும்.

எதனோடு மாறுகிறது என்பதை அறிந்த பின்னரே இடத்தைத் தேட வேண்டும். அதற்கு உரிய கருவி நீண்ட திருப்புளி. முனையை உறையின்மேல் வைத்துப் பிடியைக் காதருகே, காதின் முன் எலும்பில் பதிப்பது. பாரிசில் மருத்துவர் லென்னெக் 1816இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும் இதே முறைதான். அவருக்கு முன்பே, 1761இல், ஆஸ்திரிய மருத்துவர் அவென்புருக்கர் மார்பைத் தட்டி ஓசையால் நோயறியும் முறையை நூலாக வெளியிட்டார். அவர் ஒரு விடுதிக்காரரின் மகன். திருப்புளியை ஓரிடத்தில் வைத்துத் தீர்ப்புக் கூறாமல் நான்கைந்து இடங்களில் வைத்து ஒப்பிடுக. விசிறி, பெல்ட் ஆகியவற்றின் அருகே தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டைக்கையும் ஆகா.

உயிருக்குத் தீங்கு தரும் செய்திகள் இரண்டு உண்டு. உயர்த்திய லோடரின் கீழ் ஒருவரும் தலை நீட்டலாகாது. குழாய் அறுந்தாலும், யாரேனும் நெம்புகோலைத் தொட்டாலும், நூற்றுக்கணக்கான கிலோ சுமை கணத்தில் இறங்கும். முதலில் வாளியைத் தரையில் வைத்து எஞ்சினை நிறுத்துக. மற்றது, "உஸ்" என்ற மெல்லிய சீறலைக் கையால் தடவித் தேடுதல். ஊசித்துளை வழியே வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாயும். வெளியே ஒரு கொசுக்கடி அளவே தெரியும். வலிகூட முதலில் இராது. அதை அலட்சியம் செய்து விரலையும் கையையும் இழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. ஓர் அட்டைத் துண்டை நீட்டித் தேடுவதே முறை. பட்டுவிட்டால், தோட்டத்து மருந்தகத்தில் களிம்பு தடவிக்கொண்டு இராமல், அந்நேரமே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்று, "அழுத்த எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று சொல்லுதல் வேண்டும்.

இனி, கேட்கும் செவியைப் பற்றிச் சிறிது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் தொழிலாளி 8 மணி நேரத்தில் ஏற்கக்கூடிய இரைச்சலுக்கு 85 டெசிபெல் என வரம்பு வகுத்துள்ளன. கூண்டில்லாத டிராக்டரில் அமர்பவர் அதைத் தாண்டுவது அரிதன்று. இரைச்சலால் கெடும் செவி முதலில் இழப்பது நொடிக்கு 4,000 அதிர்வை ஒட்டிய உயர்ந்த சுருதிகளை. வறண்ட பெயரிங்கின் தொடக்கச் சீறலும், பம்பினுள் குமிழ் வெடிக்கும் நுண்ணொலியும் அந்த எல்லையில்தான் மிகுதி. இருபது ஆண்டு ஓட்டிய அண்ணனுக்குக் கேளாத ஓசை, பக்கத்தில் நிற்கும் இளைஞனுக்குக் கேட்கிறது. "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்று அண்ணன் சொல்வது பொய்யன்று. அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவே. ஆகவே காலைச் சோதனையின்போது இளையவர் ஒருவரையும் உடன் நிறுத்திக் கேட்கச் செய்வது நல்லது. ஓடும்போது காதடைப்பான் அணிவதும், சோதிக்கும் சில நிமிடம் மட்டும் அதை எடுப்பதும் முறையாகும்.

இக்காலத்தில் ஓசையைக் கைப்பேசியில் பதிந்து சிரம்பானில் உள்ள பட்டறைக்கு அனுப்புகிறார்கள். பேச்சைத் தெளிவாக்க அமைந்த அக்கருவி, இடைவிடாத இரைச்சலைத் தானே குறைத்துவிடுவதும் உண்டு. எனவே பதிவை மட்டும் அனுப்பாமல், "இப்பொழுது நெம்புகோலை இழுக்கிறேன், இப்பொழுது விடுகிறேன்" என்று வாயால் சொல்லிக்கொண்டே பதிவது பயன் தரும். அதனோடு இரண்டு வரி எழுதியனுப்பினால் இன்னும் நன்று. என் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியாக ஒருமுறை இதைக் கொடுத்தேன். தந்தை ஓட்டும் வண்டியின் ஓசையை, "சத்தம்" என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் எழுதி வர வேண்டும். ஒரு மாணவி எழுதியது இது: "எங்கள் அப்பாவின் டிராக்டர் காலையில் நாய் ஊளையிடுவது போல் ஊளையிடும். வாளியைத் தூக்கினால் ஊளை பெரிதாகும். கியர் போடாமல் நின்றாலும் கேட்கும். பத்து நாளாகத்தான் இப்படி." அத்தாளை அவள் தந்தை பட்டறைக்கு எடுத்துச் சென்றார். வடிகட்டியை மாற்றினார்கள்.